பிள்ளைப்பேறின்மையும் ஆடவர் சோதனையும்

ஆண் பெண் என்னும் வேறுபாடு உடலுக்கேயன்றி உயிருக்கில்லை என்பது சித்தாந்த நூற்றுணிபு. அங்ஙனமிருந்தும், மகப்பேறில்லாத இல்லங்களில் மனைவியையே மலடியென்று பழித்துக் கணவனை ஆராயாது விடுதல் பல நாடுகளிலும் நெடுங்காலம் நிலவிய வழக்கமாம்.

இவ்வழக்கம் தளர்ந்த வரலாறு சிந்திக்கற்பாலது. 1677-ஆம் ஆண்டில், ஒல்லாந்து தேசத்து டெல்ப்ட் நகரத்துத் துணி வாணிகராகிய லேவன்ஹூக் என்பார், தாமே தேய்த்தமைத்த கண்ணாடியின் வழியாக விந்தில் நெளியும் அணுக்களைக் கண்டு லண்டன் ராயல் சங்கத்தார்க்கு எழுதினார். கண்கூடாகிய இவ்வுண்மை நோய்த்தேர்வில் உடனே இடம்பெற்றிலது. ஏறக்குறைய 190 ஆண்டுகள் கழிந்தபின்னரே, 1866-இல் அமெரிக்க வைத்தியராகிய மாரியன் ஸிம்ஸ், மகப்பேறின்மையை ஆராய்வோர் விந்தினையும் பூதக்கண்ணாடியிற் பார்த்தல் வேண்டுமெனத் தம் நூலில் வற்புறுத்தினார். உலகச் சுகாதார ஸ்தாபனம் இச்சோதனைக்குப் பொதுமுறை வகுத்து நூல் வெளியிட்டதோ 1980-இல். இன்று வைத்தியர் விந்தின் அளவு, அணுக்களின் தொகை, இயக்கம், வடிவம் என்பவற்றைக் கணிப்பதோடு, விரையின் குருதிநாளங்கள் புடைத்தல் முதலிய காரணங்களையும் தேர்கின்றனர். அவற்றுட் சில தீர்க்கத்தக்கன.

மெய்கண்டதேவரைப் பெறும்பொருட்டு அச்சுதகளப்பாளரும் மனைவியாரும் ஒருங்கே திருவெண்காட்டு முக்குளத்தில் நீராடி வழிபட்டனர் என்பது நம் வரலாறு. மனைவியை மாத்திரம் அனுப்பிக் கணவர் இல்லத்திலிருந்தாரல்லர். வழிபாட்டிற்கு இருவரும் உரியரெனின், சோதனைக்கும் இருவரும் உரியரே. ஆடவர் நாணத்தால் ஒளித்தலும், குற்றமிலாப் பெண்மேற் பழியேற்றுதலும் சைவர்க்குத் தகா.