காவலுக்குக் காவல்

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு கூர்க்கா இரவுக் காவல் காத்து வந்தார். பதினோரு மணிக்கு மேல் அவருடைய தடி தெருவில் 'டக், டக்' என்று தட்டிக்கொண்டு போகும். தெருக்கோடியில் ஒரு முறை விசில் ஒலிக்கும். என் பாட்டிக்கு அந்தச் சத்தம் தாலாட்டு மாதிரி. அது காதில் விழுந்துகொண்டிருக்கும் வரையில் அவள் புரண்டுகூடப் படுக்கமாட்டாள். ஓர் இரவு திடீரென்று எழுந்து உட்கார்ந்துகொண்டு, "ஏண்டா, கூர்க்கா சத்தம் கேட்கலையே!" என்றாள். சத்தம் கேட்டு விழித்துக்கொள்கிறவர்களை நீங்களும் நானும் நிறையப் பார்த்திருக்கிறோம். சத்தம் கேட்காததால் விழித்துக்கொண்டவர் எனக்குத் தெரிந்து என் பாட்டி ஒருத்திதான். அப்பா டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். நான்கு வீடு தள்ளி ஒரு திண்ணையில் அந்த மனிதர் கடும் ஜுரத்தில் நினைவில்லாமல் கிடந்தார்.

கூர்க்கா பிழைத்துக்கொண்டார். நானும் அந்த இரவை மறந்துபோனேன். பல வருஷங்களுக்குப் பிறகு அதை எனக்கு நினைவூட்டியவன் என் அக்கா மகன்.

அவன் சென்னையில் ஒரு கம்பெனியில் உத்தியோகம் பார்க்கிறான். என்ன உத்தியோகம் என்று கேட்டால், "சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன், மாமா" என்பான். சர்வர் என்றதும் இட்டிலியும் காபியும் கொண்டு வருகிறவர் உங்கள் கண்முன் நின்றால் அது உங்கள் குற்றமில்லை; எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இவை வேறு சர்வர்கள். கணக்கு, கடிதம், சம்பளப் பட்டியல் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, கேட்டவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர்கள். இவற்றுக்கும் களைப்பு உண்டு, சூடு உண்டு, வயிறு நிறைந்து போவதும் உண்டு. ஆகவே இவற்றைக் கண்காணிக்க இன்னொரு கம்ப்யூட்டர் வேண்டும். ஏதாவது ஒன்று முகம் சுளித்தால் உடனே அது அவனுடைய கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும்.

2015 டிசம்பர் முதல் தேதி இரவை சென்னைவாசிகள் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அன்று அவன் வீட்டில் இருந்தான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கைப்பேசியை அடிக்கடி எடுத்துப் பார்த்தான். ஒரு செய்தியும் வரவில்லை. "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது போலிருக்கிறது" என்று தன் தாயாரிடம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான். தண்ணீர் வடிந்து அவன் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோதுதான் உண்மை தெரிந்தது. சர்வர்கள் இருந்த கீழ்த்தள அறையில் முழங்காலுக்கு மேல் வெள்ளம் நின்றிருந்த அடையாளம் சுவரில் இருந்தது. கண்காணிக்கும் கம்ப்யூட்டரும் அதே அறையில், அதே அலமாரியில், எல்லாவற்றுக்கும் கீழ்த் தட்டில் இருந்தது. முதலில் மூழ்கியது அதுதான்.

"மௌனமாக இருந்தது, மாமா. அதை நலம் என்று நினைத்துவிட்டேன்" என்று அவன் சொன்னபோதுதான் பாட்டியின் நினைவு எனக்கு வந்தது.

அதன் பிறகு கம்பெனியில் ஒரு பெரிய விவாதம். கண்காணிக்கும் வேலையை வெளியே, 'கிளவுட்' என்ற மேகத்துக்கு மாற்றிவிடலாம் என்றார்கள் சிலர். பெயரைப் பார்த்து ஆகாயத்தைப் பார்க்கவேண்டாம். இந்த மேகம் பூமியில்தான் இருக்கிறது. வேறு யாரோ கட்டிய கட்டடத்தில், வேறு யாரோ வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களை வாடகைக்கு எடுத்துக்கொள்வதுதான் விஷயம். தலைநரைத்த அதிகாரி ஒருவர் பிடிவாதமாக மறுத்தார். "நம் வீட்டு விஷயத்தை அயலான் எதற்குப் பார்க்கவேண்டும்? மாதாமாதம் வாடகை வேறு! அவன் தூங்கிப்போனால் நாம் என்ன செய்வோம்?" என்பது அவர் கட்சி. என் அக்கா மகனுக்கோ வேறு கவலை. காவல் வெளியே போய்விட்டால் காவற்காரனுக்கு இங்கே என்ன வேலை?

யார் சொன்னது நியாயம்? இதைத் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் சரித்திரம் பார்க்கவேண்டியிருக்கிறது.

1983 டிசம்பர். அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்தில், ராணுவத்தின் ஆராய்ச்சிச் சாலை ஒன்றில் மைக் மூஸ் என்பவர் வேலை பார்த்து வந்தார். கம்ப்யூட்டர்களை இணைக்கும் வலையில் ஏதோ கோளாறு. எந்த யந்திரம் உயிரோடு இருக்கிறது, எது இல்லை என்று தெரியவில்லை. நீர்மூழ்கிக் கப்பலைத் தேட, தண்ணீருக்குள் ஓர் ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பார்கள் அல்லவா? அதே உபாயத்தை மூஸ் கையாண்டார். "இருக்கிறாயா?" என்று கேட்கும்; "இருக்கிறேன்" என்று பதில் வரும். அவ்வளவுதான். ஒரே இரவில், பொழுது விடிவதற்குள் எழுதி முடித்துவிட்டார். அந்த எதிரொலியின் பெயரையே 'பிங்' என்று அதற்கும் வைத்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் முதல் பிங்கை அனுப்புவதற்கு முன்பே கோளாறு சரியாகிவிட்டது! மருந்து அரைத்து முடிப்பதற்குள் ஜுரம் இறங்கிப்போன கதைதான். ஆனால் மருந்து உலகத்துக்கு நின்றது. 2000-ஆம் ஆண்டில் மூஸ் சாலை விபத்தில் இறந்துபோனார். அவருடைய பிங் இன்றும் கோடிக்கணக்கான யந்திரங்களில் இருக்கிறது.

மூஸ் பிறரிடம் கேட்டுச் சொன்ன ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தது. ஓர் இடத்தில் கம்பி இணைப்பு ஒன்று அவ்வப்போது அறுந்துபோய்த் தொல்லை கொடுத்தது. கட்டடம் முழுவதும் இணைப்புகள். எது என்று கண்டுபிடிப்பது? அங்கே இருந்த நிர்வாகி, பதில் வரும்போதெல்லாம் கம்ப்யூட்டர் வாய்விட்டு "பிங்" என்று சொல்லும்படி ஏற்பாடு செய்து, ஒலியை உரக்க வைத்தார். "பிங், பிங், பிங்" என்று அது கத்திக்கொண்டேயிருக்க, அவர் கட்டடம் முழுவதும் நடந்து ஒவ்வோர் இணைப்பாக அசைத்துப் பார்த்தார். எதை அசைத்தபோது சத்தம் நின்றதோ அதுவே குற்றவாளி. என் பாட்டி இருந்திருந்தால், "இதுகூடவா தெரியாது?" என்று கேட்டிருப்பாள்.

அடுத்த கட்டம் 1995. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துச் சர்வகலாசாலை ஒன்றில் டோபியாஸ் ஓடிக்கர் என்ற இளைஞர் வேலை பார்த்தார். வெளியுலகத்தோடு அந்த இடத்துக்கு இருந்த இன்டர்நெட் தொடர்பு 64 கிலோபிட். ஒரே ஒரு டெலிபோன் பேச்சுக்குப் போதுமான அகலம். அது எந்த அளவுக்கு நிரம்பியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள எல்லோருக்கும் ஆவல். ஓடிக்கர் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை கணக்கெடுத்து, வைத்தியர் ஜுர அட்டையில் கோடு போடுவதுபோல், படமாக வரைந்து காட்டும் நிரல் ஒன்றை எழுதினார். 1999-ல் ஈதன் கால்ஸ்டட் என்ற அமெரிக்கர், பல யந்திரங்களைப் பார்த்துக்கொண்டு, ஒன்று விழுந்தால் ஆளை எழுப்பும் நிரலை வெளியிட்டார். 'நாகியோஸ்' என்ற பெயரில் அது உலகமெங்கும் பரவியது. இவையெல்லாம் காசில்லாமல் கிடைத்தன. ஆபீஸ்தோறும் ஒரு மூலையில் ஒரு கம்ப்யூட்டரில் குடியேறின. வீட்டோடு தங்கும் காவற்காரர்கள்!

2006-ல் அமேசான் கம்பெனி கம்ப்யூட்டர்களை மணிக் கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. அதிலிருந்து உலகம் மாறிவிட்டது. முன்பு சர்வர் என்றால் பெயர் உண்டு, இடம் உண்டு; பத்து வருஷம் ஒரே அலமாரியில் இருக்கும். இப்போது காலையில் நூறு யந்திரங்கள் பிறந்து மாலையில் மறைந்துவிடும். நிரந்தரக் குடிகளின் பெயரை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக் காவல் காத்தவர், திருவிழாக் கூட்டத்தில் என்ன செய்வார்? 2010-ல் நியூயார்க்கில் ஒலிவியே பொமெல், அலெக்ஸி லெ-குவோக் என்ற இருவர் 'டேட்டாடாக்' என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். காவலே இங்கே வாடகைச் சரக்கு. உங்கள் யந்திரங்கள் எங்கே இருந்தாலும் அவை தம் நிலையை அங்கே சொல்லி அனுப்பும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இதைப்போல் இன்னும் பல கம்பெனிகள் கிளம்பின.

வெள்ளத்துக்குப் பிறகு என் அக்கா மகனுடைய கம்பெனி 2016-ல் இப்படி ஒரு வெளிக்காவலுக்கு மாறியது. மாறியது சரிதான் என்று அவனுக்கு உறுதி ஏற்படுத்தியவை அதன் பிறகு நடந்த இரண்டு சம்பவங்கள்.

2017 பிப்ரவரி 28. அமேசானின் வர்ஜீனியா நிலையத்தில் ஓர் ஊழியர் சில சர்வர்களை விலக்குவதற்காக ஒரு கட்டளையைத் தட்டினார். அதில் ஒரு விவரம் தவறாகிவிட்டது. நினைத்ததைவிட மிக அதிகமான சர்வர்கள் விலகிவிட்டன. பொருள்களைச் சேமித்து வைக்கும் அவர்களுடைய சேவை பல மணி நேரம் செயலிழந்தது. அதை நம்பியிருந்த எத்தனையோ தளங்கள் படுத்துவிட்டன. இதில் ஒரு விசித்திரம். எந்தச் சேவை நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று உலகத்துக்கு அறிவிக்கும் பலகை ஒன்றை அமேசான் வைத்திருந்தது. அந்தப் பலகையை மாற்றி எழுதும் ஏற்பாடும் செயலிழந்த அதே சேவையை நம்பியிருந்தது! ஆகவே காலை 9.37-க்கு ஆரம்பித்த விபத்தைப் பலகையில் 11.37 வரையில் எழுத முடியவில்லை. மேகத்தை வாடகைக்கு விட்டவர்களே காவற்காரனை வீட்டுக்குள் படுக்க வைத்திருந்தார்கள்.

2021 அக்டோபர் 4. நம் ஊரில் இரவு ஒன்பது மணி தாண்டியிருக்கும். ஃபேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சேர்ந்தாற்போல் மறைந்தன. உங்களுக்கும் நினைவிருக்கும், பல வீடுகளில் அன்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினார்கள் என்று கேள்வி. பராமரிப்புக்காக இட்ட ஒரு கட்டளை, அந்தக் கம்பெனியின் நிலையங்களை இணைக்கும் பெரும்பாதைகள் அனைத்தையும் துண்டித்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்கவேண்டிய சோதனை நிரலிலும் ஒரு பிழை, அது தடுக்கவில்லை. என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கும் கருவிகளோ அதே வலைக்குள் இருந்தன. கடைசியில் ஆட்களை நேரில் அனுப்பவேண்டியதாயிற்று. பலத்த பாதுகாப்பு உள்ள அந்தக் கட்டடங்களில் நுழைவதற்கே நேரம் பிடித்தது. சரியாவதற்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம்.

அப்படியானால் வெளிக்காவல்தான் வேதவாக்கு என்று முடித்துவிடலாமா? அவசரம் வேண்டாம். 2023 மார்ச் 8 அன்று டேட்டாடாக் கம்பெனியே விழுந்தது. அவர்கள் முன்யோசனை இல்லாதவர்கள் அல்ல. பல தேசங்களில், பல கம்பெனிகளின் மேகங்களில், தனித்தனியாக நிலையங்கள் வைத்திருந்தார்கள். ஒரு வீடு எரிந்தாலும் மற்றொன்று தப்பவேண்டும் என்பது எண்ணம். ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே கிணற்றுத் தண்ணீர்! எல்லா இடத்து யந்திரங்களிலும் ஒரே அடிப்படை நிரல். அதற்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம், தானாகவே, ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தது. அது செய்தி போகும் வழிக் குறிப்புகளை அழித்துவிட, கண்டம் கண்டமாக யந்திரங்கள் வாயடைத்து நின்றன. அவர்களிடம் காவலை ஒப்படைத்திருந்தவர்களின் சர்வர்கள் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் அதை எடுத்துச் சொல்ல ஆளில்லை. முழுதும் சீராவதற்கு மறுநாளும் தாண்டியது.

ஓய்வுபெற்று வீட்டில் இருந்த அந்தத் தலைநரைத்த அதிகாரி செய்தியைப் படித்ததும் என் அக்கா மகனுக்கு டெலிபோன் செய்தாராம். "சொன்னேனா இல்லையா? அயலான் தூங்கிவிட்டான் பார்!" அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

உள்ளே படுத்தவன் வெள்ளத்தில் மூழ்குகிறான்; வெளியே நிற்பவனுக்கு ஜுரம் வருகிறது. அதனால் காவற்காரனை எங்கே நிறுத்துவது என்பது பாதிக் கேள்விதான். அவன் குரல் நின்றுபோனால் அதைக் கவனிக்க யார் இருக்கிறார்கள் என்பது மற்றப் பாதி. ஆபத்து வந்தால் மட்டும் கூவுகிற காவல் போதாது. ஆபத்து இல்லாதபோதும் தடியைத் தட்டிக்கொண்டே போகவேண்டும்; அந்தச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு ஒருவர் படுத்திருக்கவேண்டும்.

சென்ற மாதம் என் அக்கா மகன் வந்திருந்தான். அவன் உத்தியோகம் போகவில்லை. சம்பளம்கூடக் கொஞ்சம் உயர்ந்திருக்கிறது. வெளிக்காவல் இருக்கிறபடியே இருக்கிறதாம். ஆனால் அதற்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறான். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை வெளிக்காவல் அதனிடம் "இருக்கிறேன்" என்று சொல்லவேண்டும். இரண்டு முறை சொல்லத் தவறினால் அது அவனை எழுப்பிவிடும்.

"அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"பாட்டி" என்றான்.

"சரி, பாட்டியே தூங்கிப்போனால்?"

அவன் சிரித்தான். "தினம் காலையில் ஆபீசுக்குப் போனதும் முதலில் பாட்டியைத்தான் பார்க்கிறேன், மாமா."