பரங்கிப்பேட்டையில் முழங்கிய பைக்குழல்

காரிமங்கலத்து மலைக்கோயிலில் திருவிழா என்றால் நாகசுரம் முழங்க வேண்டும். நாகசுரக் கலைஞர் இராகத்தை விரித்துச் செல்ல, அவருக்கு அருகில் ஒருவர் நின்று ‘ஒத்து’ என்னும் குழலில் ஒரே சுருதியை இடைவிடாது ஊதிக்கொண்டிருப்பது பழைய மரபு. பாடும் குழல் ஒன்று, சுருதி காட்டும் குழல் ஒன்று, தாளம் காக்கும் தவில் ஒன்று என மூன்றும் கூடியதே மங்கல இசை. இதே அமைப்பை உடைய இசையொன்று கடலுக்கு அப்பால், பனி படர்ந்த மலைநாடாகிய ஸ்காட்லாந்திலும் வளர்ந்தது. அவ்விசை 18ஆம் நூற்றாண்டில் நம் தமிழ்க் கடற்கரைக்கே வந்து முழங்கிய வரலாற்றை இங்கே காண்போம்.

ஸ்காட்லாந்தின் தலையாய இசைக்கருவி ‘பேக்பைப்’ எனப்படும் பைக்குழல். ஆட்டுத்தோலால் ஆகிய பை ஒன்று. அதனுள் காற்றை ஊதுவதற்கு ஒரு குழல். விரல்களால் இசை எழுப்புவதற்கு ஒரு குழல். தோளின்மேல் சார்ந்து நின்று சுருதி ஒலிப்பதற்கு மூன்று குழல்கள். இவையே அதன் உறுப்புகள். கலைஞர் பையைக் கைக்கும் விலாவுக்கும் இடையே அழுத்திக் காற்றை ஒரு சீராகச் செலுத்துவார். நாகசுரத்தில் சீவாளி வாயிதழில் படிந்திருப்பதால், ஊதுபவர் ஒலியைப் பெருக்கலாம், சுருக்கலாம், நிறுத்தலாம். பைக்குழலிலோ சீவாளியை உதடு தீண்டுவதே இல்லை. ஒலி ஒரே அளவினது, இடையில் நில்லாதது. ஒரே சுரத்தை இருமுறை இசைக்க வேண்டுமாயின் நடுவே மின்னல் வேகத்தில் வேறு சுரங்களைத் தொட்டுத்தான் பிரிக்க வேண்டும். ஒன்பதே சுரங்களை உடைய இக்கருவிக்கு அழகு தருவன இந்த நுண்ணிய விரலசைவுகளே.

தோற்பையில் காற்றை அடைத்து ஒலிக்கும் முறை தமிழருக்கும் புதியதன்று. சதிர் ஆட்டத்துக்குரிய சின்னமேளத்தில் ‘துத்தி’ என்னும் தோற்பைக் கருவி முன்னாளில் சுருதி கூட்டியது. ஆயினும் நம்மவர் அதனைச் சுருதிக்கே வைத்துக்கொண்டனர். ஸ்காட்லாந்தியர் அதனையே பாடும் கருவியாகவும் வளர்த்தனர். அவர்களும் தம் இசையைக் கேலிக் மொழியில் ‘பெரிய இசை’, ‘சிறிய இசை’ எனப் பொருள்படும் பெயர்களால் இரண்டாகப் பகுத்தனர். பெரிய இசை என்பது ஒரு பண்ணை எடுத்துக்கொண்டு, படிப்படியாக மாற்றி விரித்து, மீண்டும் தொடக்கத்துக்கே வந்து முடியும் நீண்ட இசை. பெரும்பாலும் இரங்கலுக்கும் வீரப் புகழ்ச்சிக்கும் உரியது. நடைப் பண்களும் ஆடற் பண்களும் சிறிய இசை ஆகும். ஸ்கை என்னும் தீவில் மக்கிரிம்மன் குடும்பத்தார் வழிவழியாகக் குலத்தலைவரின் பைக்குழல் கலைஞராய் விளங்கினர். நம் தவிற் கலைஞர் சொற்கட்டுகளை வாயாற் சொல்லிப் பழகுவதைப் போல, அவர்களும் பண்களை ஏட்டில் எழுதாது, அசைச் சொற்களால் பாடியே மாணாக்கருக்குக் கற்பித்தனர்.

இத்தகைய கலைக்கு 1746இல் பேரிடர் நேர்ந்தது. அரியணையை இழந்த ஸ்டூவர்ட் மரபின் இளவரசரை ஆதரித்து மலைநாட்டார் பலர் கிளர்ந்தெழுந்தனர். கல்லோடன் போர்க்களத்தில் ஆங்கில அரசின் படை அவர்களை முறியடித்தது. அதன்பின் மலைநாட்டார் படைக்கலம் ஏந்தலாகாது, தம் மரபு உடையை அணியலாகாது எனச் சட்டங்கள் எழுந்தன. பைக்குழலின் பெயர் அச்சட்டங்களில் இல்லை. எனினும் ஜேம்ஸ் ரீடு என்னும் பைக்குழல் கலைஞர் யார்க் நகரில் அதே ஆண்டில் தூக்கிலிடப்பட்டார். அவர் வாளேந்தவில்லை என்று வாதிட்டபோது, மலைநாட்டுப் படை பைக்குழல் இன்றிப் போருக்குச் செல்வதில்லை. ஆகவே அதுவும் போர்க்கருவியே என்று நீதிமன்றம் கூறிவிட்டது. குலத்தலைவர்களின் ஆட்சியுரிமை பறிபோகவே, அவர்களை அண்டி வாழ்ந்த கலைஞர்களும் ஆதரவு இழந்தனர்.

அக்கலைக்குப் புகலிடம் தந்தது எது? வியப்பிற்குரியதே ஆயினும், அவர்களை வென்ற அரசின் படைதான். மலைநாட்டு வீரரைக் கொண்டு புதிய படைகளைத் திரட்டிய அரசு, அப்படைகளில் மட்டும் மரபு உடையை அனுமதித்தது. பைக்குழலும் அவற்றில் ஒலித்தது. கிளர்ச்சியில் பங்கு கொண்டு 1746இல் சிறைப்பட்டு மன்னிப்புப் பெற்ற மக்லியோடு பிரபு, ஸ்வீடன் நாட்டுப் படையில் பணிபுரிந்துவிட்டுத் தாயகம் திரும்பி, 1777இல் ஒரு படையைத் திரட்டத் தொடங்கினார். அப்படை 1780 ஜனவரியில் சென்னையில் வந்திறங்கியது.

அவ்வாண்டிலேயே ஹைதர் அலியின் பெரும்படை கணவாய்களைக் கடந்து ஆர்க்காட்டு நாட்டின்மேல் பாய்ந்தது. ஊர்கள் எரிந்தன, வயல்கள் பாழாயின. செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. மக்லியோடின் படையைச் சேர்ந்த ஒரு பகுதியினரும் அங்கே வீழ்ந்தனர். எஞ்சியோர் சீரங்கப்பட்டணத்துச் சிறையில் வாடினர்.

நிலைமையைச் சீர்செய்யக் கல்கத்தாவிலிருந்து அனுப்பப்பட்டவர் தளபதி அயர் கூட். அவர் சிதம்பரத்தைத் தாக்கிப் பயன் காணாது பரங்கிப்பேட்டைக்குப் பின்வாங்கினார். 1781 ஜூலை 1ஆம் நாள் அங்கே ஹைதரின் பெரும்படையோடு போர் மூண்டது. குண்டு மழைக்கு நடுவே மலைநாட்டுப் படையின் பைக்குழல் கலைஞர் ஒருவர் சிறிதும் தளராது ஊதிக்கொண்டே முன்சென்றார். அதுவரை பைக்குழலை நாகரிகமற்ற பழங்காலத்தின் பயனற்ற எச்சம் என்று எண்ணியிருந்த கூட், அவ்வொலி வீரருக்கு ஊட்டிய ஊக்கத்தைக் கண்ணாரக் கண்டு மனம் மாறினார் என்றும், வெள்ளிப் பைக்குழல் வாங்கிக்கொள்ள 50 பவுன் பரிசளிப்பதாகச் சொன்னார் என்றும் அப்படையின் வரலாறு கூறும். அன்று மாலை ஹைதர் பின்வாங்கினார்.

காலத்தின் இணைவை நோக்குங்கள். அதே 1781ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஸ்காட்லாந்தின் பால்கர்க் நகரில் பைக்குழல் போட்டி தொடங்கப்பெற்றது. மறு ஆண்டிலே மரபு உடைக்கு இருந்த தடை நீங்கிற்று. தாயகத்தில் அக்கலை தலைநிமிரத் தொடங்கிய அதே வேளையில், அதனை ஏந்தி வந்தோர் இங்கே அந்நிய ஆட்சிக்கு வேர் ஊன்றிக்கொண்டிருந்தனர். தம் நிலத்தில் உரிமை இழந்தவரின் பிள்ளைகளே பிறர் நிலத்தின் உரிமையைப் பறிக்கும் படையில் நடந்தனர். அதன் விளைவு காரிமங்கலம் வரையிலும் எட்டிற்று. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கும்பினிக்கு விட்டுக்கொடுத்தார். அதன் ஆட்சிக்கு வந்த அலெக்சாண்டர் ரீடுக்குத் துணையாக 1799 வரை பணிபுரிந்து, தருமபுரியில் தங்கி நிலவரி முறையை வகுத்த தாமஸ் மன்றோவும் கிளாஸ்கோ நகரில் பிறந்த ஸ்காட்லாந்தியரே.

பைக்குழலோடு முரசங்கள் கூடிய அணியிசை படைகளிலேதான் உருவாயிற்று. 1854இல் மலைநாட்டுப் படைகளின் பைக்குழல் கலைஞருக்கு அரசு முறையான இடம் அளித்தது. அதன்பின் பல குழல்களும், பக்க முரசுகளும், பெருமுரசும் ஒருங்கே ஒலிக்கும் ‘பைப் பாண்டு’ வளர்ந்தது. ஆடற்கலையும் இப்பண்களைச் சார்ந்தே நின்றது. குறுக்காகக் கிடத்திய இரு வாள்களை மிதியாமல் அவற்றின்மேல் காலெடுத்து ஆடும் வாள் நடனம், நின்ற இடத்திலேயே ஆடும் ‘ஹைலாந்து பிளிங்’, பலர் கூடிப் பின்னலிட்டு ஆடும் ‘ரீல்’, ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயர் பூண்டு சற்றே தாழ்ந்த நடையில் செல்லும் ‘ஸ்டிராத்ஸ்பே’ ஆகியவை புகழ்பெற்றவை. நம் பின்னல் கோலாட்டத்தைக் கண்டவர்க்கு ரீல் ஆட்டத்தின் வனப்பு எளிதில் விளங்கும். கூட்டு நடனங்கள் வழக்கொழியாமல் காக்க 1923இல் கிளாஸ்கோவில் ஒரு சங்கமும் அமைந்தது.

இந்தியப் படைகளிலும் பைப் பாண்டு இடம்பெற்றது. சீக்கியரும், கூர்க்கரும், கடுவாலியரும் அதனைத் தமதாக்கிக்கொண்டு தத்தம் நாட்டுப் பண்களையும் அதில் இசைத்தனர். 1947இல் ஆங்கில ஆட்சி அகன்றது, பைக்குழல் அகலவில்லை. ஆண்டுதோறும் ஜனவரி 29ஆம் நாள் தில்லியில் நிகழும் பாசறை திரும்பும் விழாவில் அதன் ஒலியை இன்றும் கேட்கலாம்.

மாணவ அன்பர்களே, ஒரு நீதிமன்றம் பைக்குழலைப் போர்க்கருவி என்றது. ஒரு தளபதி போருக்குப் பயன்பட்டதனால் அதனைப் புகழ்ந்தார். இருவரும் இசையைக் கேட்டிலர், போரையே கேட்டனர். ஆயினும் இரங்கற் பண்ணாகவும் ஆடற் பண்ணாகவும் அது மக்கள் நெஞ்சில் வாழ்ந்தமையாலேயே அந்த அரசுகள் அகன்ற பின்னும் நிலைத்தது. ஒரு கலை எந்தப் படையோடு வந்தது என்பதை வரலாறு மறத்தல் ஆகாது. அப்படையின் பழியைக் கலையின்மேல் ஏற்றுதலும் ஆகாது. ஒத்தின் சுருதியில் பழகிய செவிக்குப் பைக்குழலின் சுருதி அயலாகத் தோன்றாது. அதனைக் கேளுங்கள், அது கடந்து வந்த வழியையும் நினையுங்கள்.