பெங்களூரில் சைட் வாங்கப் போறீங்களா? காத்தாவுக்கு முன்னால் மாஸ்டர் பிளானைப் பாருங்க

"சார், டிசி கன்வர்ஷன் ஆன சைட். இ-காத்தா ரெடி. இந்த வாரம் டோக்கன் போட்டா பழைய ரேட்டுக்கே முடிச்சுக்கலாம்."

சர்ஜாபூர் ரோட்டிலோ ஹொஸ்கோட்டே பக்கமோ மனை தேடியவர்களுக்கு இந்த வசனம் பழகியிருக்கும். ஏஜென்ட் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. ஆனால் அந்த இடத்தில் சட்டப்படி வீடு கட்டலாமா என்ற கேள்விக்கு இதில் பதிலே இல்லை.

அப்போ பதில் எங்கே இருக்கு?

மாஸ்டர் பிளானில். கர்நாடகத்தின் 1961-ஆம் ஆண்டு நகர, ஊரமைப்புச் சட்டப்படி தயாராகும் இந்த வரைபடம்தான் எந்த நிலம் எதற்கு என்று சொல்கிறது: குடியிருப்பு, வணிகம், தொழில், பூங்கா, போக்குவரத்து, விவசாயம். எத்தனை மாடி கட்டலாம், வீட்டின் கீழே கடை வைக்கலாமா என்பதெல்லாம் இந்த வகைப்பாட்டையும், மனைக்கு முன்னால் இருக்கும் சாலையின் அகலத்தையும் பொறுத்தது.

பெங்களூருக்கு இன்றும் கைகொடுப்பது 2007-இல் ஒப்புதல் பெற்ற 'ஆர்எம்பி 2015'. பெயரில் இருக்கும் ஆண்டே எப்போதோ கடந்துவிட்டது. 2031-க்கான வரைவு 2017-இல் வெளியாகி, பிறகு கைவிடப்பட்டது. நம்ம மெட்ரோ ஓடத் தொடங்கியதே 2011-இல்தான். அதற்கும் முந்தைய வரைபடத்தை வைத்துத்தான் இந்த ஊரில் நிலம் அளக்கிறார்கள்.

டிசி கன்வர்ஷன் இருந்தா போதாதா?

போதாது. அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான்.

டிசி என்பவர் நம்மூர் கலெக்டர் மாதிரி. 1964-ஆம் ஆண்டு நில வருவாய்ச் சட்டத்தின் 95-ஆவது பிரிவின்படி, விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற அவர் தரும் உத்தரவுதான் கன்வர்ஷன். இது வருவாய்த்துறை விஷயம். மாஸ்டர் பிளானில் அந்த இடம் விவசாய மண்டலமாகவோ பூங்காவாகவோ இருந்தால், அதை மாற்ற 'சிஎல்யூ' எனப்படும் நிலப் பயன்பாட்டு மாற்றம் தனியாக வேண்டும். அதற்குத் திட்ட ஆணையத்திடம் போகணும்.

மூன்றாவதாக லேஅவுட் ஒப்புதல். ஒரு ஏக்கரை முப்பதுக்கு நாற்பது மனைகளாக வெட்டி விற்கும்போது சாலைக்கும் பூங்காவுக்கும் இடம் விட்டிருக்கிறார்களா என்று பார்த்துக் கொடுப்பது இது. இது இல்லாமல் விற்கப்படுவதைத்தான் ஊரில் 'ரெவின்யூ சைட்' என்கிறார்கள். விலை குறைவாக இருப்பதற்குக் காரணமும் அதுவே. கழிவுநீர் லைன் வராதது, ஃபயர் இன்ஜின் நுழைய முடியாத தெரு எல்லாம் குடிபோன பிறகுதான் தெரியும்.

காத்தா எதைச் சொல்கிறது?

சொத்து வரி யார் பெயரில் என்பதை. அது உரிமைப் பத்திரம் அல்ல. விதிப்படி இல்லாத சொத்துகளிடமும் வரி வாங்க வேண்டுமே என்று தனிப் பதிவேட்டில் எழுதியதுதான் பி-காத்தா. வீட்டுக் கடன் என்று போனால் பல வங்கிகள் இதைப் பார்த்ததும் கையை விரித்துவிடும். இ-காத்தா என்பது டிஜிட்டல் வடிவம் மட்டுமே. அதுக்குள்ளே ஏ-வா, பி-யா என்று பாருங்கள்.

ராஜகால்வாய் பக்கத்தில் இருந்தால்?

2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலையோரக் குடியிருப்புகளிலிருந்து ஐடி ஊழியர்கள் டிராக்டரில் ஆபீஸ் போனது நினைவிருக்கும். ஏரிகளை இணைக்கும் மழைநீர்க் கால்வாய்களின் ஓரத்தில் இஷ்டத்துக்குக் கட்டியது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆர்எம்பி 2015-இன்படி ஏரியிலிருந்து 30 மீட்டருக்குக் கட்டடம் கூடாது. கால்வாய்களுக்கு அளவைப் பொறுத்து 50, 25, 15 மீட்டர். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016-இல் ஏரிக்கான தூரத்தை 75 மீட்டராக்கியது. 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இந்தத் தூரங்களை மாற்றும் முயற்சிகள் தொடர்வதால், வாங்கும் நாளில் எது அமலில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோடையில் போய்ப் பார்த்தால் கால்வாய் வெறும் புதர் மண்டிய பள்ளமாகத்தான் தெரியும்.

ஃபிளாட் வாங்குபவர்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். ரெரா பதிவு எண்ணோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்; ஓசி, அதாவது குடியேறலாம் என்ற சான்றிதழ், வேண்டும். அது இல்லாமல் மின்சாரம், குடிநீர் இணைப்பு தரக்கூடாது, வங்கிகளும் சான்றிதழைச் சரிபார்த்த பிறகே கடன் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நாமே சரிபார்க்க முடியுமா?

முதல் கட்டத்துக்கு முடியும். விற்பவரிடம் சர்வே எண்ணை வாங்குங்கள். தரத் தயங்கினால் டோக்கன் பேச்சையே எடுக்காதீர்கள். கர்நாடக அரசின் 'திஷாங்க்' செயலியை மனையில் நின்று திறந்தால், நீங்கள் நிற்கும் இடத்தின் சர்வே எண் தெரியும். இரண்டும் ஒத்துப்போகிறதா பாருங்கள். பிறகு அதே எண்ணை மாஸ்டர் பிளான் தாளில் தேடி நிறத்தைப் பார்க்கலாம். மஞ்சள் என்றால் குடியிருப்பு. பச்சை என்றால் உடனே வக்கீலைக் கூப்பிடுங்கள்.

எந்த அலுவலகம் என்பதிலும் குழப்பம் உண்டு. 2025-இல் பிபிஎம்பி போய், கிரேட்டர் பெங்களூரு ஆணையமும் ஐந்து மாநகராட்சிகளும் வந்தன. நகருக்கு வெளியே தேவனஹள்ளிக்கும் ஆனேக்கல்லுக்கும் தனித் திட்ட ஆணையங்கள். அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூருக்குள் நுழைந்துவிட்டால் அது தமிழ்நாடு. அங்கே காத்தா கிடையாது, பட்டாவையும் டிடிசிபி ஒப்புதலையும் கேட்கணும்.