மரக்காணம் உப்பளக் கடற்கரையும் புயலலைக் கணிப்பும்: பகிர்வுக் கணினித் தொகுதியில் மென்பொருள் நிறுவுதலை முன்வைத்து

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம், சிறுபாணாற்றுப்படை சுட்டும் எயிற்பட்டினமாக ஆய்வாளர் பலரால் கருதப்படும் ஊராகும். கழுவெளியின் முகத்துவாரத்தை ஒட்டிய இதன் உப்பளங்கள் கடல்மட்டத்தினும் சிறிதே உயர்ந்தவை. தாழ்ந்த வரப்புகளே அவற்றுக்குக் காப்பு. புயற்காலக் கடலெழுச்சியைக் கணிப்பதில் நேரும் அரை மீட்டர் பிழையும் இங்குப் பெரிதாகும். அக்கணிப்பின் நுண்மை, மென்பொருளைப் பகிர்வுக் கணினித் தொகுதியில் நிறுவும் பணியைச் சார்ந்து வளர்ந்தமையை இக்கட்டுரை விளக்குகிறது.

கணிப்பும் கணினியும்

1970ஆம் ஆண்டுப் போலா புயல் வங்கக் கரையில் பல இலட்சம் உயிர்களைப் பலிகொண்டது. 1972இல் பி. கே. தாஸ் வங்காள விரிகுடாவின் புயலலை எழுச்சிக்கான எண்முறை மாதிரியை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். கடற்பரப்பைக் கட்டங்களாகப் பகுத்து நீர்மட்டத்தைக் கணிப்பது இத்தகு மாதிரிகளின் அடிப்படை. கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும். காலப்படியும் பாதியாவதால் கணக்கு எட்டு மடங்காகும். ஆகவே தொடக்ககால மாதிரிகளின் அகன்ற கட்டங்களில் முகத்துவாரமோ உப்பளமோ இடம்பெற இயலவில்லை.

1990களில் இத்தடை தளர்ந்தது. ஆழ்கடலில் பெரிதாகவும் கரையருகே சிறிதாகவும் முக்கோணங்களை அமைக்கும் 'அட்சர்க்' மென்பொருள் அமெரிக்காவில் உருவாயிற்று. கணக்கைப் பல கணினிகளுக்குப் பகிரும் 'எம்பிஐ' நெறிமுறை 1994இல் வெளிவந்தது. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் 'கப்ரு' தொகுதி 2004இல் உலகின் முதல் 500 மீக்கணினிகளுள் ஒன்றாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது இந்தியாவில் முன்னெச்சரிக்கை மையம் இல்லை; 2007இல்தான் ஐதராபாத்தில் அது அமைந்தது. புயலலைக் கணிப்புக்கு அட்சர்க்கைக் கையாள்வதும் அங்குள்ள இன்காய்ஸ் நிறுவனமே.

நிறுவுதலும் நம்பகமும்

பகிர்வுத் தொகுதியில் பயனருக்கு நிருவாகி உரிமை இராது. அவர் ஃபோர்ட்ரான் மூலநிரலைத் தம் கோப்பகத்திலேயே தொகுக்க வேண்டும். தொகுப்பியும் எம்பிஐ நூலகமும் தம்முள் பொருந்தவில்லையெனில் நிரல் இயங்காது. பின்னர் வலையைக் கூறுகளாகப் பிரித்து, பணியை வரிசையில் இட்டுக் காத்திருக்க வேண்டும். தொகுக்கும்போது தேரும் விருப்பங்கள் தசம எண்களின் முழுமையாக்கத்தைச் சற்றே மாற்றும். சமதளக் கரையில் ஒரு புள்ளி நனைந்ததா, உலர்ந்ததா என்னும் முடிவையும் அது மாற்றக்கூடும். எனவே விடை தெரிந்த சோதனைக் கணக்கை முதலில் இயக்கிப் பார்ப்பதும், பதிப்பெண்களைப் பதிவுசெய்வதும் ஆய்வு நெறியின் பகுதிகளாகும்.

முடிவுரை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. கடலெழுச்சியை மட்டும் கணிக்கும் மாதிரி இம்மழை நீரைக் கணக்கில் கொள்ளாது. செயற்கைக்கோள் உயரத் தரவின் பிழையோ சில மீட்டர் வரை செல்வதுண்டு. உப்பள வரப்பு அதனுள் மறைந்துபோகும். 2022இல் திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 'பரம் பொருள்' மீக்கணினி நிறுவப்பட்ட பின், கணிப்பாற்றல் தமிழகத்திலேயே உள்ளது. வரப்புகளை நேரில் அளந்து, மழைநீர் மாதிரியையும் கடல் மாதிரியையும் ஒருங்கே நிறுவுவதே எஞ்சியுள்ள பணி.