தலைமேற் சென்ற மின்சாரம்

நாள்தோறும் கண்ணிற் படும் பொருளையே நாம் மிகக் குறைவாக அறிந்திருக்கிறோம். புந்தோங்கிலிருந்து புறப்பட்டுக் கிந்தாப் பள்ளத்தாக்கில் சில மைல் சென்றால், எஃகுக் கோபுரங்கள் கம்பிகளைத் தாங்கி வரிசையாய் நிற்பதைக் காணலாம். "மின்சாரம் போகிறது" என்பதோடு நம் அறிவு நின்றுவிடுகிறது. அது யாருக்காக வந்தது, தோட்டத்து லயங்களில் ஏன் பல்லாண்டுகள் இறங்காமற் போயிற்று என்று கேட்பார் சிலரே. அதற்கு விடை கூறும் சரித்திரம் ஒன்றுண்டு.

ஆபீசு விடுமுறை நாட்களில் இக்கோபுரங்களைப் படம் பிடிப்பது என் வழக்கம். இதனை வீண் வேலையென நகைப்போரும் உளர். ஆயினும் தெளிவான படமொன்றை நிதானமாய் ஆராய்வோர்க்கு அது ஒரு பாடப்புத்தகமாகும். கம்பிகள் மும்மூன்றாகச் செல்லும். உச்சியில் ஓடும் மெல்லிய கம்பி, இடியைத் தான் ஏற்று நிலத்திற்கு அனுப்பும் காவற்கம்பி. கம்பிக்கும் கோபுரத்திற்கும் இடையே பீங்கான் அல்லது கண்ணாடித் தட்டுகள் மாலையாய்க் கோத்திருக்கும். தட்டுகள் பெருகப் பெருக, மின்னழுத்தமும் பெரிதென்று பொதுவாகக் கொள்ளலாம். கம்பிக்கு மேலுறை கிடையாது. சூழ்ந்துள்ள காற்றே அதற்கு உறை. ஆதலால் தூர நின்றே படமெடுக்க வேண்டும். அதன் கீழே உலோகக் கழியை உயர்த்துவதும் பட்டம் விடுவதும் உயிருக்கே ஆபத்து.

இத்தனை அழுத்தம் எதற்கு? அனுப்பும் மின்வலிமை, அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கி வருவது. கம்பியிற் சூடாகி வீணாவதோ ஓட்டத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால் ஓட்டம் பத்திலொன்றாகும், நஷ்டம் நூற்றிலொன்றாகும். 1891-இல் ஜெர்மனியில் லாஃபன் என்னும் ஊரிலிருந்து பிராங்க்பர்ட் நகருக்குச் சுமார் 175 கிலோமீட்டர் மின்சாரத்தை அனுப்பி, இவ்வுண்மையை உலகறியச் செய்தனர்.

பதினோராண்டுகளுக்குப் பின், 1902-இல், மைசூர் சமஸ்தானத்துச் சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் எடுத்த மின்சாரம் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கச் சுரங்கங்களை அடைந்தது. அச்சுரங்கங்களில் இறங்கி உழைத்தோருள் தமிழர் ஏராளம். பெங்களூர் நகரத் தெருக்களில் விளக்கெரிந்தது 1905-இல்தான். முதலிற் பெற்றது தங்கம், பின்னரே தெரு.

பேராக்கின் கதையும் இதற்கு நெருங்கிய உறவுடையது. 1926-இல் பேராக் நதி நீர்மின்சாரக் கம்பெனி நிறுவப்பட்டது. மாலிம் நாவாரில் நீராவி மின்னிலையம் எழுந்தது. பேராக் நதியைக் குறுக்கே கட்டிய செண்டரோ அணை 1930-இல் வேலை தொடங்கியது. இவ்வளவு முதலும் கிந்தா ஈய லம்பங்களை எண்ணிப் போட்டது. குளத்தில் மிதந்தபடி மண்ணைத் தோண்டி ஈயத்தைப் பிரிக்கும் பெருங்கப்பல்கள் இரவும் பகலும் மின்சாரத்தை உண்டன. கம்பெனிக்கு அவற்றைவிட நல்ல வாடிக்கைக்காரர் வேறில்லை.

ரப்பர் மரத்தை வெட்டுபவனுக்கு வேண்டியது உளியும் விடியுமுன் வழிகாட்டும் விளக்குமே. அவனிடம் மின்சாரத்தை விற்று இலாபம் காண்பது அரிது. உயரழுத்தக் கம்பியிலிருந்து நேரே ஒரு வீட்டிற்கு இணைப்புத் தர இயலாது என்பது மெய். அழுத்தத்தைப் படிப்படியாய்க் குறைக்கும் துணைநிலையமும், டிரான்ஸ்பார்மரும், தாழ்வழுத்தக் கம்பிகளும் வேண்டும். இவை செய்ய அரியன அல்ல, செலவு பிடிப்பன. அச்செலவை யார் ஏற்பது என்பதே கேள்வி. பல தோட்டங்களில் சொந்த எஞ்சின் மாலையில் சில மணி நேரம் ஓடி நின்றுவிடும். பின்னர் மண்ணெண்ணெய் விளக்குத்தான்.

வேறு விதமாகவும் நடந்திருக்கக்கூடும் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. நீலகிரியின் பைக்காரா மின்திட்டத்தைச் சென்னை அரசாங்கமே 1932-இல் இயக்கிற்று. அம்மின்சாரம் கோயமுத்தூரின் ஆலைகளோடு நிற்கவில்லை. கிராமத்துக் கிணறுகளின் பம்புகளுக்கும் சென்றது. பௌதிக விதி இரண்டிடத்தும் ஒன்றே. எங்கே இறக்குவது என்று தீர்மானித்தோர்தாம் வேறு.

மலாயாவில் 1949-இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1965-இல் அது தேசிய மின்சார வாரியமாயிற்று. 1982-இல் பேராக் கம்பெனி அதன் வசமாயிற்று. 1990-இல் தெனாகா நேஷனல் பிறந்தது. ஊர்ப்புறங்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்வது அரசாங்கத்தின் கடமையான பின்னரே, கம்பி தோட்டங்களையும் நாடிற்று. ஆகவே லயத்தின் இருட்டை விஞ்ஞானத்தின் மேலோ விதியின் மேலோ ஏற்றுவது தகாது. அது கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்ட இருட்டு. கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு இது நன்கு விளங்கும்.

அன்பர்களே! அணை திறந்த ஆண்டு அச்சில் இருக்கிறது. உங்கள் லயத்தில் முதல் விளக்கு எரிந்த ஆண்டோ உங்கள் தாய் தந்தையரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாய் மாறிவருகின்றன, அந்நினைவுடையோரும் குறைந்துவருகின்றனர். அவர்களிடம் இன்றே கேளுங்கள், ஆண்டைக் குறித்துவையுங்கள், எஞ்சி நிற்கும் லயத்தையும் அதற்கு மேலே செல்லும் கம்பியையும் ஒரே படத்தில் பிடித்துவையுங்கள். நாம் எழுதாவிடில், இந்நாட்டு மின்சாரத்தின் சரித்திரத்தில் அணையும் கப்பலும் மட்டுமே மிஞ்சும்.