அச்சுப்படத்துக்கு ஆடை கட்டிய கைகள்

கொலாஜ் எனப்படும் ஒட்டுச்சித்திரத்தின் வரலாற்றைப் பெரும்பாலும் 1912இல் பிரான்சில் பிக்காசோ, பிராக் ஆகியோர் செய்த ஒட்டுப்படங்களிலிருந்தே தொடங்குவர். நம் வீட்டுச் சுவர்களையும் சற்றுப் பார்க்கலாம்.

ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அங்கு கல்லச்சில் அச்சான லட்சுமி, சரசுவதி படங்கள் தமிழ்நாட்டு வீடுகளுக்கும் வந்தன. செட்டிநாட்டில் பலர் அவற்றை அப்படியே சட்டமிட்டு மாட்டவில்லை. தேவியின் புடவை இருக்கும் இடத்தில் அதே வடிவில் துணி வெட்டி ஒட்டினர். கரைக்குச் சரிகை, நகைகளுக்குச் சமிக்கி, மணி. முகமும் கைகளும் மட்டும் அச்சில் உள்ளபடியே இருக்கும். கோயிலில் உற்சவருக்கு அலங்காரம் செய்யும் வழக்கம் காகிதத்துக்கு இறங்கி வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரே அச்சுப்படம் இரண்டு வீடுகளில் இரண்டு வேறு படங்களானது.

அன்னூரில் நான் ஆசிரியராக இருந்தபோது பிள்ளைகளும் இதைத்தான் செய்தார்கள். தாங்கள் வரைந்ததையும் பழைய நாட்காட்டிப் படங்களையும் வெட்டி, துணியோடு சேர்த்து, மைதாப் பசையால் ஒட்டுவார்கள். மயிலுக்கு யானைக் கால் முளைக்கும்! பின்பக்கம் பெயர் எழுதச் சொல்வேன்.

செட்டிநாட்டுப் படங்கள் இன்று காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விற்பனைக்கு வருகின்றன. அவற்றை ரவிவர்மா படம் என்றே சொல்கிறோம். துணி வெட்டி ஒட்டியவரின் பெயர் பெரும்பாலும் எங்கும் இருப்பதில்லை.