கூரையின் விலை

1877ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தில், இந்திய அரசின் பிரதிநிதியாகச் சென்னை மாகாணம் வந்த ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண விதிகளைக் கடுமையாக்கினார். ஊரை விட்டு முகாமில் தங்கி உழைக்க ஒப்புவோரே மெய்யான வறியோர் எனக் கருதப்பட்டனர். நாட்கூலியோ ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும். அஃது உயிர் தாங்கப் போதாதெனச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் வீடிழந்தோர் தற்காலிகக் குடில்களில் வாழ்ந்திருக்கையில், தமிழக அரசு 2005 மார்ச் 30 அன்று 172ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தது. உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடிழந்தோர் அதற்கப்பால் புதுவீடு பெறலாம். ஆனால் பழைய மனையைத் துறத்தல் வேண்டும். மறுப்போர் அங்கேயே வாழலாம், உதவி கிடையாது.

உயிர்ப்பாதுகாப்பே இவ்வாணையின் நோக்கம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒருபுறம் கடலும் மறுபுறம் உப்பங்கழியும் சூழ்ந்த காட்டுப்பள்ளி போன்ற பழவேற்காட்டுக் கரையூர்களில், மீனவனுக்குக் கரைமனையே படகு நிறுத்துமிடம், வலை உலர்த்துமிடம். அதைத் துறந்தபின் திரும்பப் பெறுதல் அரிது.

இவ்விரு விதிகளும் கூரைக்கு ஒரு விலை கேட்டன. எனவே, இடருற்றோர்க்குப் புகலிடம் அமைக்கும் திருச்சபை, எத்தனை பேருக்கு இடம் என்பதோடு, அவர்கள் எதைக் கைவிட வேண்டியுள்ளது என்றும் வினவுதல் கடனாகும்.